நாலு மணிக்கும் நாலரைக்கும் இடையில்

என் அன்பு யோகன்,

நீ போய் ஒன்றரை வருடமாகிறது. ஒரே கட்டடத்தில் நீ ஏழாம் மாடியிலும் நான் ஒன்பதாம் மாடியிலும் இருந்தோம். ஒரே தொழிற்சாலைக்கு ஒரே காரில் போய்வந்தோம். உனக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. இப்போது எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மச்சான். நீ என்னிடம் வாங்கிய சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை. உன் மனைவி பத்மாவுக்கு எல்லாம் தெரியும். எப்படித் தெரியவந்தது, பிறகு என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்குத் தெரிந்ததையும் திரும்ப எழுதுகிறேனே என்று சிரிக்காதே. வேலை முடிந்து வந்து சொந்த வீட்டுக் கதவைத் திறக்கப் பயப்படுகிற வேறு தகப்பன்மாரும் தாய்மாரும் இதை வாசிக்கக்கூடும்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு இலையுதிர்காலத்தில், இந்தக் கனடாவில், மார்க்கம் நகரில் நீ வேலை செய்த தொழிற்சாலையில் எனக்கும் இடம் கிடைத்தது. கார்க் கதவுகளுக்குக் கைப்பிடி செய்கிற இடம். உன் பழைய காரில் என்னையும் ஏற்றிக்கொண்டாய். காலை ஏழு மணி ஷிஃப்ற் மூன்றரைக்கு முடியும். வோடன் றோட்டால் நேரே இறங்கினால் நாலு மணிக்கு வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டட வாசலில் நிற்கலாம். முதல் நாளே நீ அங்கே போகவில்லை. இரண்டு தெரு முந்தி, ஒரு பிளாசாவின் பின்பக்கம் காரைத் திருப்பி, குப்பைத் தொட்டிகளுக்கு எதிரே நிறுத்தினாய்.

"மச்சான், ஒரு பதினைஞ்சு நிமிசம் பொறுக்கிறியே?"

சிகரெட் பிடிக்கப் போகிறாய் என்று நினைத்தேன். நீ சீற்றுக்குக் கீழே கையை விட்டு எடுத்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெயின்ற் பெட்டி. எட்டு நிறம். மஞ்சள் அடிவரை தேய்ந்திருந்தது. பிளாஸ்க் மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாய். தொழிற்சாலையில் கைப்பிடிகளுக்கு இடையில் வைத்து வந்து பிறகு எறிந்துவிடுகிற சாம்பல் நிறக் கடதாசி மட்டை இருக்கிறதே, அதில் கையகலத்துக்கு ஒரு துண்டு. அதை ஸ்ரியறிங்கில் சாய்த்து வைத்துக்கொண்டு, எதிரே நின்ற குப்பைத் தொட்டியைப் படமாகக் கீறத் தொடங்கினாய்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உதென்னடாப்பா, குழந்தைப்பிள்ளையள் மாதிரி?"

நீ நிமிரவே இல்லை. "குழந்தைப்பிள்ளைதான். பதினைஞ்சு நிமிசத்துக்கு."

அன்றைக்கே சத்தியமும் வாங்கினாய். "பத்மாவுக்குச் சொல்லிப்போடாதை."

ஏன் என்று கேட்டேன்.

"அவள் காலமை ஆறு மணியில இருந்து பிள்ளையளோட நிக்கிறாள். அவளுக்கு ஒரு பதினைஞ்சு நிமிசம் இல்லை. நான் எடுக்கிறன் எண்டு எந்த முகத்தோட சொல்லுறது?"

நான் தலையாட்டினேன். நீ சொன்னதன் பாரம் அப்போது எனக்கு விளங்கவில்லை. உன் இரண்டு பெண்பிள்ளைகளோடு என் துஷாவையும் சின்னவனையும் பத்மாதான் பார்த்துக்கொண்டாள். என் மனைவி ராணி தையல் வேலையால் வர ஐந்தரை ஆகும். நாங்கள் இரண்டு பேரும் காருக்குள் குந்தியிருந்த நேரமெல்லாம் பத்மா நாலு பிள்ளைகளோடு ஜன்னலடியில் எங்கள் வரவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் சில கிழமை நீ கீறுவாய், நான் பக்கத்தில் நித்திரை கொள்வேன். பதினைந்து நிமிடம் என்பாய். ஒருநாளும் அது பதினைந்தில் முடிந்ததில்லை.

பிறகுதான் துஷாவின் சம்பவம் நடந்தது. ஊரில் இருக்கிற என் அம்மாவை இங்கே கூப்பிடுவதற்காக நிரப்பிவைத்திருந்த படிவங்களின் மேல் அவள் பாலைக் கொட்டிவிட்டாள். அடித்தேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு அடிக்கிற அடியல்ல அது. இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை, அவளுக்குச் சீரியல் போட்டுக் கொடுக்க மேல்தட்டில் இருந்த பெட்டியை எடுக்கக் கையை உயர்த்தினேன். அவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். பெட்டி கையில் இருக்க நான் அப்படியே நின்றேன். ராணியும் பார்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை உன்னிடம் சொன்னேன். நீ புத்தி சொல்லவில்லை. உன் கதையைச் சொன்னாய். உன் மூத்தவள் அனு பள்ளிக்கூடத்துக்காக மட்டையில் ஒரு வீடு செய்து சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தாளாம். நீ வேலையால் வந்து, சாப்பிட இடமில்லை என்று கத்தி, அதைத் தூக்கிப் பல்கனியால் எறிந்தாயாம். ஏழாம் மாடியிலிருந்து.

"அவள் அழேல்லை மச்சான். எட்டிப் பாத்திட்டு, 'அப்பா, அது விழுந்திட்டுதோ?' எண்டு கேட்டாள். தானா விழுந்த மாதிரி. என்னைக் காப்பாத்தப் பாத்தவள்."

அடுத்த நாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகப் பயந்து, அந்தப் பிளாசாவின் பின்னால் காரை நிறுத்தியிருக்கிறாய். பின்சீற்றில் அனு விட்டுவிட்டுப் போன பெயின்ற் பெட்டி கிடந்திருக்கிறது. கையில் எடுத்தாய். அவ்வளவுதான்.

இதைச் சொல்லிவிட்டு என் மடியிலும் ஒரு மட்டையை வைத்தாய்.

"எனக்குக் கீறத் தெரியாதடா."

"எனக்கு மட்டும் தெரியுமே? வடிவாக் கீற வேணுமெண்டில்லை. முன்னால நிக்கிறதைப் பார். ஒரு நிறத்தைத் தொடு. தண்ணியில அது எங்க போகுதெண்டு பாத்துக்கொண்டிரு. காயுமட்டும் வேற ஒண்டையும் யோசியாதை. யோசிச்சால் திருப்பி நிறத்தைப் பார்."

உன் ஒரேயொரு சட்டம் நினைவிருக்கிறதா? ஊரைக் கீறக் கூடாது. நான் இரண்டாம் நாளே ஒரு பனையைத் தொடங்கினேன். நீ எட்டி மட்டையைப் பிடுங்கிவிட்டாய். "ஊரைக் கீறினால் அழவேணும். அழுதுபோட்டுப் பிள்ளையளிட்டப் போக ஏலாது. அந்தக் குப்பைத் தொட்டியைக் கீறு."

கீறினேன். அன்றைக்குக் கோடு நேராக வரவில்லை. மனம் அடங்கவில்லை. மேற்பார்வையாளரின் பேச்சு, கொழும்புக்கு எடுக்க வேண்டிய போன், தம்பியின் வழக்கு, எல்லாம் பச்சைக்குள் வந்து நின்றன. அடுத்த நாளும் அப்படித்தான். எந்த நாளில் மாறியது என்று தெரியாது. ஒருநாள் பச்சைக்குள் ஒரு துளி சிவப்பு விழுந்து மண்ணிறமாகப் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் தோள்கள் இரண்டும் கீழே இறங்குவதை உணர்ந்தேன். அவை அதுவரை உயர்ந்திருந்தன என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மாசியில் ஹீற்றரை நிறுத்திவிட்டுக் கீறினோமே, அது எனக்குப் பிடித்த காலம். மட்டையில் தண்ணீர் உறைந்து, நீலம் இலை நரம்பு மாதிரிக் கிளை விடும். "நாங்கள் கீறேல்லை, கனடா கீறுது" என்பாய். விரல் விறைத்துப்போகும். ஆனாலும் நீ முடித்துவிட்டுத்தான் காரை எடுப்பாய்.

எனக்குக் கோபம் இல்லாமல் போய்விட்டது என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் அது வருவது முன்கூட்டியே தெரிந்தது. கையை உயர்த்துவதற்கு முன் ஒரு மூச்சு விட நேரம் கிடைத்தது. அந்த ஒரு மூச்சு போதுமாக இருந்தது. ஒருநாள் துஷா என் கையைப் பிடித்துப் பார்த்து, "அப்பா, யுவர் நெயில் இஸ் ப்ளூ" என்றாள். ஃபக்ரறிப் பெயின்ற் என்று சொன்னேன். இரண்டரை வருடம் அந்தப் பொய்யையே சொன்னேன்.

பிறகு அந்தப் பெப்ரவரி. காலையில் கார்க் கண்ணாடியில் ஐஸைச் சுரண்டிக்கொண்டிருந்த நீ அப்படியே சாய்ந்தாய். நான் வாசலால் வந்துகொண்டிருந்தேன். முப்பத்தொன்பது வயதில் இதயம் நின்றுவிடும் என்று யார் நினைத்தார்கள்? அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது. நீயும் கேட்க விரும்பமாட்டாய்.

முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்து ஒரு கிழமை இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிவர உன் வீட்டுக்குப் போனேன். பத்மா தேத்தண்ணி தந்துவிட்டு எதிரே இருந்தாள். பிள்ளைகள் அறைக்குள் ரீவி பார்த்தார்கள்.

"சிவமண்ணை, ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லுங்கோ."

"கேளுங்கோ பத்மா."

"மூண்டரைக்கு வேலை முடியும். மூண்டாம் மாடியில இருக்கிறவரும் அதே ஃபக்ரறிதான். அவர் நாலு மணிக்கு வந்திடுவார். உங்கட சிநேகிதன் நாலரைக்கு முந்தி ஒருநாளும் வந்ததில்லை. எங்க போனவர்?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அவருக்கு வேற ஆரும் இருந்தவையோ?"

மச்சான், அதற்குப் பிறகும் உன் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்கிறாயா? நீ எங்கே போனாய் என்று தெரியாமல் அவள் எத்தனை நாள் அந்த ஜன்னலடியில் நின்றிருப்பாள்? உயிரோடு இருந்தபோது கேட்கவில்லை. கேட்டு வருகிற பதிலுக்குப் பயந்திருப்பாள்.

கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். கார் நீ விட்ட இடத்திலேயே நின்றது. டிக்கியைத் திறந்து, உன் பனிச் சப்பாத்து வந்த பெட்டியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். உள்ளே எல்லாம் மட்டைகள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதென்ன, குப்பைத் தொட்டியோ?"

"ஓம்."

"இதுவும்?"

"அதுவும்தான்."

"இது?"

"அது பிளாஸ்க் மூடி. அதுக்குப் பின்னால குப்பைத் தொட்டி."

அவள் சிரித்தாள், யோகன். நீ போன பிறகு முதல்தடவை. அந்தக் கார்ப் பார்க்கிங்கில், குளிருக்குள், கோட்டைக்கூட ஒழுங்காகப் பூட்டாமல் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நான் எப்போதும் இப்படித்தான், அவசரப்பட்டு நினைத்துவிடுவேன். சிரிப்பு நின்றதும் அவள் முகம் மாறியது.

"நாலு மணியில இருந்து நான் அந்த ஜன்னலடியில நிண்டனான். நாலு பிள்ளையளும் ஒண்டையொண்டு கடிச்சுக்கொண்டிருக்குங்கள். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை அடைச்சுப்போயிருக்கும். எனக்கும் ஒரு பதினைஞ்சு நிமிசம் தந்திருக்கலாம்தானே, அண்ணை?"

"அவன் அதை நினைச்சவன், பத்மா. நினைச்சு வெக்கப்பட்டவன்."

"வெக்கப்பட்டவர். ஆனா என்னைக் கேக்கேல்லை."

ஏன் கேட்கவில்லை, மச்சான்?

"நீங்களும் இருந்தனீங்கள்தானே?" என்றாள்.

"ஓம். நானும் இருந்தனான்."

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று ராணி வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுவதற்கு முன்னமே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். கோட்டோடு நின்றபடியே கேட்டாள்.

"நான் பஸ்ஸுக்க தொங்கிக்கொண்டு வாற நேரம் நீங்கள் ரெண்டு பேரும் படம் கீறினியளோ?"

"ஓம்."

"சரி. எனக்குப் படம் கிடம் ஒண்டும் வேண்டாம். நான் வந்தாப்பிறகு கால்மணித்தியாலம் ஒருத்தரும் என்னைக் கூப்பிடாதேங்கோ. அது போதும்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெங்காயம் உரித்தேன். சின்னவன் கதவைத் தட்டப் போனபோது தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டேன். இவ்வளவு லேசான ஒன்றை ஏன் நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் செய்யவில்லை?

இரண்டு நாள் கழித்துப் பத்மா உன் கார்த் திறப்பை என்னிடம் தந்தாள். "ஓட்டுங்கோ. ஆனா நாலு மணிக்கு இஞ்ச நிக்கோணும்" என்றாள். நிற்கிறேன், மச்சான். நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கரண்ட் கோபுரங்களுக்குக் கீழே இருக்கிற புல்வெளிக்குப் போய்விடுவேன். பனி கொட்டினால் கட்டடத்து லொபியில் ஒளித்துப் பிடித்து விளையாடுவோம். கட்டடக்காரர் இரண்டு தரம் ஏசிவிட்டார். ஐந்து மணிக்குத்தான் திரும்பி வருவோம்.

முதல் மாதம் பத்மா அந்த நேரத்தில் நித்திரை கொண்டாள். பிறகு முகம் கழுவிவிட்டுச் சும்மா இருப்பாள். மே மாதம் ஒருநாள் நாங்கள் திரும்பி வந்தபோது சாப்பாட்டு மேசையில் ஈரமாக ஒரு மட்டை இருந்தது. ஒரு கத்தரிக்காய். ஊதாவுக்கு நீலம் கூடிப்போய்க் கறுத்திருந்தது.

"கத்தரிக்காய் கருகிப்போச்சு, அண்ணை" என்றாள்.

"சட்டியில இருக்கிறதோ?"

"அதுவும்தான். இதைக் கீறிக்கொண்டிருந்து அதை மறந்திட்டன்."

அன்றைக்கு எல்லோரும் கருகிய கறியோடுதான் சாப்பிட்டோம். அனு தாயின் கத்தரிக்காயை எடுத்துக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினாள். பக்கத்தில் உன் குப்பைத் தொட்டி ஒன்றையும் ஒட்டினாள். அவளுக்கு எது எவருடையது என்று எல்லாம் தெரியும்.

என் துஷாவிடமும் நீல நகத்தின் உண்மையைச் சொன்னேன். "வை டிட் யூ லை, அப்பா?" என்று கேட்டாள். வெட்கமாக இருந்தது என்றேன். "பெயின்ற் பண்ண வெக்கமோ?" என்று ஆச்சரியப்பட்டு, என் கையிலிருந்த பிறஷை வாங்கிக்கொண்டாள். நான் அவசரமாகக் கையை உயர்த்தினால் இப்போதும் சிலவேளை அவள் தோள் சுருங்கும். அநேகமான நாட்களில் இல்லை. சுருங்கும் நாட்களில் நான் கையை இறக்கிவிட்டு, என்ன எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எடுக்கிறேன்.

இனி நீ நம்பமாட்டாத ஒரு செய்தி. படம் கிடம் வேண்டாம் என்ற ராணிதான் இப்போது எங்கள் எல்லோரையும்விடக் கூடக் கீறுகிறாள். எங்கே தெரியுமா? எங்கள் கட்டடத்து நிலவறையில், உடுப்புத் தோய்க்கிற அறையில். உடுப்புக் காயும்வரை அங்கே காத்துக்கொண்டு நிற்கத்தானே வேண்டும்? ஒரு சனிக்கிழமை துஷாவின் பெயின்ற் பெட்டியையும் கொண்டு போயிருக்கிறாள். உடுப்பு மடிக்கிற மேசையில் வைத்து, மெசினுக்குள் சுற்றுகிற துணிகளின் நிறத்தை மட்டும் மட்டையில் தொட்டுத் தொட்டு வைத்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற மன்னார் அக்கா, மூன்று பிள்ளைகளின் தாய், "என்ன பிள்ளை செய்யிறாய்?" என்று கேட்டாவாம். "ஒண்டும் இல்லை அக்கா, இருக்கிறன்" என்றாளாம் ராணி. அடுத்த சனிக்கிழமை அந்த அக்காவும் ஒரு பிறஷோடு வந்தா. பிறகு நாலாம் மாடியில் இருக்கிற, தனியாக மகளை வளர்க்கிற கயானாக்காரர். இப்போது ஐந்தாறு பேர். ஒருவருடைய படத்தை ஒருவர் நல்லது கூடாது என்று சொல்வதில்லை. கதையும் குறைவு. மெசின்கள் சுற்றுகிற சத்தம் மட்டும்தான். மெசின் நின்றதும் உடுப்பை அள்ளிக்கொண்டு அவரவர் மாடிக்குப் போய்விடுவார்கள். ஊரைக் கீறக் கூடாது என்ற உன் சட்டத்தை மட்டும் மன்னார் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் கீறுவன், அழவும் செய்வன், இஞ்ச ஆர் பாக்கினம்?" என்கிறா. அவ சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.

மட்டை நான்தான் கொண்டுவந்து கொடுக்கிறேன். மேற்பார்வையாளர் ஒருநாள் மறித்து எதற்கு என்று கேட்டார். சொன்னேன். மறைக்கவில்லை. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். தனக்கும் இரண்டு பொடியன்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு கட்டு மட்டையை எடுத்துக்கொண்டு போனார். என்ன செய்தார் என்று தெரியாது.

பத்மாவைப் பற்றிக் கடைசியாக ஒன்று. அவள் கார் ஓட்டப் பழகுகிறாள். பழக்குவது நான். நல்ல வாத்தியாரல்ல. நாற்சந்தி வந்தால் 'மெல்ல, மெல்ல' என்று கத்திவிடுகிறேன். "அண்ணை, நீங்கள் சத்தம் போடாமல் இருந்தா நான் நல்லா ஓட்டுவன்" என்கிறாள். அது உண்மைதான். போன ஞாயிறு விட்பியில் இருக்கிற தமக்கை வீடுவரை அவளே ஓட்டினாள், நெடுஞ்சாலையால். பின்சீற்றில் உன் பிள்ளைகள் இருவரும் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். போய்ச் சேர்ந்ததும் அனு கை தட்டினாள். பத்மா ஸ்ரியறிங்கை விடாமல், கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே அப்படியே இருந்தாள். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் அவளுக்குச் சோதனை. நிச்சயம் பாஸ் பண்ணுவாள். அதற்குப் பிறகு காரும் திறப்பும் அவளிடம். நான் பஸ்ஸில் வருவேன். அவள் தனியாக எங்கேயோ போவாள். சிலவேளை அரை மணி பிந்தி வருவாள், சிலவேளை ஒரு மணி. நாலு பிள்ளைகளும் என்னோடு இருப்பார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்திருப்பேன். எங்கே போனாய் என்று நான் அவளைக் கேட்கமாட்டேன், வேறு எவரையும் கேட்க விடவும் மாட்டேன். இந்தச் சத்தியத்தை நீ என்னிடம் வாங்கவில்லை, யோகன். நானாகத்தான் தருகிறேன். இதைக் காப்பாற்றுவேன்.

உன் பிள்ளைகளுக்கு மாமாவும்,
உனக்கு என்றைக்கும் மச்சானுமான
சிவம்